காலுறைக்குள் ஒரு சீட்டு

ஓட்டல் அறையில் கிடக்கும் குறிப்புத்தாள், பென்சில், அவசரக் கையெழுத்து. ஒரு பயிற்சியாளரின் பொறுமை முழுவதும் அடங்க இவ்வளவே போதும். 2006 ஜூன் 30, பெர்லின். ஜெர்மனிக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையிலான கால்பந்து உலகக் கோப்பைக் காலிறுதி 1-1 என்று நின்று பெனால்டிக்குப் போகிறது. ஜெர்மனியின் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் காலுறைக்குள்ளிருந்து ஒரு கசங்கிய தாளை எடுத்துப் படிக்கிறார். கோல்கீப்பர் பயிற்சியாளர் ஆந்திரியாஸ் கோப்கே எழுதிக் கொடுத்த சீட்டு அது. அர்ஜென்டினா வீரர்கள் ஏழு பேர்; ஆளுக்கு ஒரு வரிதான். கிரெஸ்போ தூரத்திலிருந்து ஓடிவந்தால் வலப்பக்கம், கிட்டத்திலிருந்து வந்தால் இடப்பக்கம். அயாலா வெகுநேரம் காத்திருப்பார், பிறகு வலப்பக்கம். எத்தனை அழகான வரிகள்! பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்த கண்ணுக்குத்தான் அந்தத் தயக்கமும் ஓட்டத்தின் நீளமும் தென்படும். சலிக்காமல் பார்த்ததை ஒரே வரியாகச் சுண்டக் காய்ச்சுவது அதைவிடப் பெரிய கைப்பக்குவம்.

சீட்டிலிருந்த ஏழு பேரில் உதைக்க வந்தவர்கள் இருவர்தான். அயாலாவின் பந்தை லேமன் தடுத்தார். கடைசியாக வந்த கம்பியாசோவின் பெயரே அதில் இல்லை. ஆனாலும் அவருக்கு முன்னால் லேமன் தாளை விரித்து, நிதானமாகப் படித்து, மடித்துச் செருகினார். அரங்கத்தின் இரைச்சலுக்கு நடுவே அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தப் பந்தும் தடுக்கப்பட்டது. ஜெர்மனி 4-2 என வென்றது. பெனால்டியில் கோல்கீப்பருக்கு அதிர்ஷ்டம் மட்டுமே துணை என்பவர்கள் அந்தத் தாளின் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.