குளிர்காலப் பச்சையும் வீரரின் ஊன்றுகாலும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அரிசோனா போன்ற பாலைநிலப் பகுதிகளிலும் விளையாட்டுத் திடல்களைத் தாங்குவது பெர்முடா புல், அதாவது அறுகம்புல்லும் அதன் கலப்பினங்களும். 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் செழித்துப் படரும் இப்புல், மண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரிக்கு இறங்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, வைக்கோல் நிறமாகி, உறக்கநிலைக்குச் சென்றுவிடுகிறது. அப்போதும் திடல் பச்சையாக இருக்க வேண்டுமென்று, இலையுதிர்காலத்தில் பெர்முடாவின் மீதே குளிர்ப்பருவப் புல்லான ரைகிராஸின் விதையைத் தூவி வளர்ப்பதே மேல்விதைப்பு எனப்படுகிறது. சரியான ஈரமும் வெப்பமும் அமைந்தால், விதை ஒரு வாரம் பத்து நாள்களில் முளைத்துவிடுகிறது.

ஆட்டத்தை அலசுபவர் கவனிக்க வேண்டியது நிறத்தை அன்று, பிடிமானத்தையே. பெர்முடா, மண்ணின் மேல் ஓடுதண்டுகளாலும் மண்ணுக்குள் மட்டநிலத்தண்டுகளாலும் வலைபோல் பின்னிக்கொள்வதால், காலணியின் முட்கள் குத்தித் திரும்பும்போது மண் பெயராமல் காக்கிறது. ரைகிராஸோ தூர்தூராக வளர்வது, அத்தகைய வலை அதற்கு இல்லை, அதன் இலைகளில் நீர்ச்சத்தும் மிகுதி. உறங்கும் பெர்முடாவின் குருத்தைத் தேய்மானத்திலிருந்து ரைகிராஸ் காக்கிறது என்பது உண்மையே. ஆயினும் வீரரின் ஊன்றுகாலைத் தாங்குவது பெரும்பாலும் அடியிலுள்ள பழைய வலைதான்.

2023 பிப்ரவரி 12 அன்று அரிசோனாவின் கிளென்டேலில் நடைபெற்ற அமெரிக்கக் கால்பந்தின் 57ஆவது சூப்பர் பௌல் இறுதியாட்டம் பிடிமானம் பற்றிய கேள்வியை உலகறிய எழுப்பியது. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய டஹோமா 31 என்னும் பெர்முடா வகையின் மீது ரைகிராஸ் மேல்விதைக்கப்பட்டிருந்த அத்திடல், வெயில் படுவதற்காக அரங்கிற்கு வெளியே நகர்த்தப்பட்டு, ஆட்டத்திற்காக உள்ளே கொணரப்படும் பெருந்தட்டில் அமைந்தது. ஃபிலடெல்ஃபியாவைக் கேன்சஸ் சிட்டி 38–35 என்று வென்ற அந்த ஆட்டத்தில் இரு அணியினரும் வழுக்கினர். ஃபிலடெல்ஃபியா வீரர்கள் பலர் ஆட்டத்தின் நடுவிலேயே காலணிகளை மாற்றிக்கொண்டனர். தான் ஆடியவற்றுள் மிக மோசமான திடல் இதுவே என்று அவ்வணியின் ஹாசன் ரெடிக் வெளிப்படையாகக் கூறினார். வழுக்கலுக்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது முறையாகாது. நீரின் அளவு, வெட்டிய உயரம், புல்தரை வேரூன்றப் பெற்ற காலம் ஆகிய அனைத்தும் இதில் பங்குகொள்கின்றன. எனினும், பார்வைக்குக் குறையற்ற பச்சைத்தளம் காலுக்கு உறுதி தருவதாகவே இருக்கும் என்னும் நம்பிக்கை அன்று தகர்ந்தது. திடலின் தரத்தை ஒளிப்படக்கருவியின் கண்ணால் அளக்கும் வழக்கம் வீரரின் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இழைக்கும் அநீதி.

இதனினும் பெரிய சிக்கல் வசந்தகாலத்தில் எழுகிறது. பெர்முடா விழிக்கும் வேளையில் மேலே நிற்கும் ரைகிராஸ் வெயிலையும் நீரையும் உரத்தையும் பறித்துக்கொள்வதோடு, வெப்பம் தாங்குமாறு மேம்படுத்தப்பட்ட புதிய ரகங்கள் கோடை தொடங்கியும் சாவதில்லை. பெர்முடா முழுவலிமை பெறுவதற்குப் போட்டியற்ற வளர்ச்சிக்காலம் நூறு நாள்களேனும் தேவை என்பது புல்தரை வல்லுநர்கள் வலியுறுத்தும் கணக்கு. ஏப்ரலில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை நடத்தும் அகஸ்டா நேஷனல், தன் ஃபேர்வேக்களில் மேல்விதைத்த போதிலும், மே இறுதியில் மூடி அக்டோபரில்தான் திறப்பதால் அக்கணக்கைத் தீர்க்க இயல்கிறது. கோடை முழுதும் ஆட்டமும் பயிற்சியும் நிற்காத பள்ளித் திடல்களுக்கு அந்த வாய்ப்பில்லை. குளிர்காலத்தில் ஆட்டம் குறைவாயின், அவற்றை விதையின்றி வைக்கோல் நிறத்திலேயே உறங்க விடுவதே ஏற்றது.