அக்கரை சேராத கனவு

சென்ற வாரம் மஃரிபு தொழுகைக்குப் பின், மாடம்பாக்கத்திலுள்ள எம் இல்லத்தில் மகனுடன் அமர்ந்து ‘குதிரைவால்’ திரைப்படத்தைப் பார்த்தேன். மனோஜ் லியோனல் ஜாசன், ஷியாம் சுந்தர் இருவரும் இயக்கி, 2022 மார்ச்சில் வெளிவந்த படம். வழக்கமான வணிகப் படங்களின் பாதையை விட்டு விலகிய முயற்சி என்பதால் ஆவலோடுதான் அமர்ந்தேன்.

வங்கி ஊழியன் சரவணன் என்ற ஃப்ராய்ட் ஒரு காலையில் கண்விழிக்கிறான். பின்புறம் குதிரைவால் முளைத்திருக்கிறது. கனவுக்குப் பலன் சொல்லும் மூதாட்டி, சோதிடர், கணித ஆசிரியர் எனப் பலரிடமும் அலைந்து பொருள் தேடுகிறான்.

கனவுக்குப் பொருளுரைப்பதை அரபியில் ‘தஃபீர்’ என்பர். கடந்து செல்லுதலைக் குறிக்கும் வேர்ச்சொல்லினின்று பிறந்தது அது. காட்சி இக்கரை, கருத்து அக்கரை. யூசுஃப் நபி (அலை) அவர்கள், மிஸ்ரு மன்னர் கனவில் கண்ட கொழுத்த பசுக்களையும் மெலிந்த பசுக்களையும் விளைச்சலென்றும் பஞ்சமென்றும் விளக்கினார்கள். கனவு தானியக் களஞ்சியமாயிற்று.

திரைப்படத்தில் நம்மை அக்கரை சேர்க்கும் ஓடம் நடிகரே. கலையரசன் அதற்கு வல்லவர். ‘மெட்ராஸ்’ (2014) படத்தின் அன்புவை யார் மறப்பார்? ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021), தந்தை தம்மை விடுத்துப் பிறரைத் தேர்ந்தபோது மகனுக்கு உண்டாகும் மனப்புழுக்கத்தை முகத்திலேயே காட்டியவர் அவர்.

இங்கோ அத்திறன் கரையிலேயே கட்டப்பட்டுக் கிடக்கிறது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடு கூறினார். வால் முளைத்தவனிடம் மருட்கை மட்டுமா தோன்றும்? அச்சமும் இளிவரலும் அழுகையும், ஏன், நகையும் பிறக்க வேண்டாமா? பெரும்பாலான காட்சிகளில் அவர் வியந்து நிற்கிறார், பிறர் பேசுகிறார்கள். கார்த்திக் முத்துக்குமாரின் ஒளிப்பதிவு கண்ணைக் கவர்கிறது, நெஞ்சம் நனையவில்லை.

காஃப்கா 1915இல் வெளியிட்ட ‘உருமாற்றம்’ கதையிலும் ஒருவன் பூச்சியாக விழித்தெழுகிறான். அவனுடைய முதற் கவலைகளோ ரயில் தவறிவிட்டதே, வேலைக்கு ஆபத்தாயிற்றே என்பன. அந்தச் சிறு கவலைகளால்தான் அப்பெரும் விந்தையை நாம் நம்புகிறோம்.

“வாலுக்கு என்ன பொருள், அத்தா?” என்று மகன் கேட்டான். “அது இருக்கட்டும், அந்த மனிதருக்கு வலித்ததா என்பதே எனக்கு விளங்கவில்லையே!” என்றேன்.

புதுமை வேண்டும், துணிந்தவர்களைப் பாராட்டவும் வேண்டும். ஆயினும் ஒரு கலைஞரின் ஆற்றல் இயக்குநரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பயன்படுத்தாமல் பூட்டி வைப்பதும் வீணடிப்பதேயாகும். இத்தகைய முயற்சிகள் தொடர வேண்டுமென விரும்புவதனாலேயே இதனை எழுதுகிறேன்.