மதுரை எவ்வளவு தூரம்?

ஒத்துப்போகாத இரண்டு நண்பர்கள் நெடுந்தூரம் நடப்பார்கள். வழியெல்லாம் சண்டையும் சிரிப்பும். மேற்கத்தியப் பயண நூல்களில் இப்படியொரு வகை உண்டு. பில் பிரைசனின் ‘எ வாக் இன் த வுட்ஸ்’ (1998) அதில் பேர்போனது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். உடன்வரும் பருத்த நண்பர் காட்ஸ், சுமை தாங்காமல் தொடக்கத்திலேயே உணவுப் பொட்டலங்களை வீசி எறிகிறார். அவர்கள் பாதையை முழுதாக முடிக்கவில்லை. அதுவும் வேடிக்கையாகிவிடுகிறது. நானும் சிரித்துச் சிரித்துத்தான் படித்தேன்.

அதே பாதையை 1955இல், 67 வயதில், எம்மா கேட்வுட் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரணக் கான்வாஸ் சப்பாத்து, தோளில் ஒரு துணிப்பை. பதினோரு பிள்ளைகள் பெற்றவர். கணவனிடம் பல்லாண்டு அடிவாங்கி மணமுறிவு பெற்றவர். சும்மா நடக்கப் போகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பிரைசனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. கேட்வுட்டிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

தமிழில் இப்படி ஒரு நடை உண்டா என்று மாணவிகள் கேட்டால் நான் சிலப்பதிகாரத்தைத்தான் எடுப்பேன். அவர்களுக்கு வியப்பாக இருக்கும். தேர்வில் எப்போதும் வருவது வழக்குரை காதை. நாடுகாண் காதையை யார் கேட்கிறார்கள்?

புகாரைவிட்டு ஒரு காத தூரம்தான் வந்திருக்கிறார்கள். கண்ணகிக்கு மூச்சிரைக்கிறது. பல் தெரியச் சிரித்தபடி, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். ஆறைங்காதம், பக்கந்தான் என்று கோவலன் நகைக்கிறான். பெருக்கினால் முப்பது, காதில் விழும்போது ஆறோ ஐந்தோ என்றும் படும். வகுப்பறையில் இதைத் துயரச் சிரிப்பு என்று சொல்லிக் கடந்துவிடுவோம். எனக்கு இது வழிநடைப் பொய். தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் பெண்களிடம், “இந்தா, வந்துரும்” என்று இன்றும் சொல்லப்படும் அதே பொய். நம்பாமல் நம்பித்தான் அடுத்த அடி வைக்கிறோம்.

பிறகு கவுந்தியடிகள் சேர்கிறார். துறவி, மூத்தவர், சமணர். அவர் தரும் வழிக்குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். கிழங்கு தோண்டிய குழியைச் சருகுப்பூ மூடியிருக்கும், விழுந்துவிடுவீர்கள். குழிக்குப் பயந்து கீழேயே பார்த்தால் பலாப்பழம் முட்டும். கரும்பிலிருந்த தேனடை உடைந்து பொய்கையில் கலந்திருக்கும், தண்ணீர் என்று குடித்துவிடாதீர்கள். வரப்போரம் வண்டு, நண்டு, நத்தை: மிதித்துவிடாதீர்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, பிச்சைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாய்க் கிளம்புகிறார். கொல்லாமையை இதைவிட வேடிக்கையாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

வழியில் ஒரு காமுகனும் பரத்தையும் எதிர்ப்படுகிறார்கள். இவர்கள் யார் என்ற கேள்விக்கு, என் மக்கள் என்கிறார் கவுந்தி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாவதும் உண்டோ என்று அவர்கள் கேலி பேசுகிறார்கள். உடனே சாபம்: நரியாகுக! நத்தைக்கு இரங்கியவர் மனிதர்க்கு இரங்கவில்லை. சபிக்கப்பட்டவர்களுக்காகக் கெஞ்சுவது கேலிக்கு ஆளான கண்ணகியும் கோவலனும்தான். தண்டனை பன்னிரண்டு மாதமாகக் குறைகிறது.

கொடும்பாளூருக்கு அப்பால் மூன்று வழிகள். வலப்பக்க வழி எங்கள் சிறுமலையைச் சுற்றிப் போவது. வாழையும் பலாவும் அன்றே அங்கே உண்டு. இடப்பக்கத்து அற்புதப் பொய்கைகளை மாங்காட்டு மறையவன் விற்காத குறையாகப் புகழ, கவுந்தி அவற்றை வாதத்தாலேயே தள்ளிவிடுகிறார். நடுவழியே போகிறார்கள். சிறுமலைப் பக்கம் வராமல் போனார்களே என்று எங்கள் ஊர்க்காரியாக எனக்குச் சின்ன மனத்தாங்கல்.

எனக்கு உண்மையாக உறுத்துவது அடைக்கலக் காதை. கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும்போது, இவளன்றி வேறு அழகிய தெய்வத்தைக் கண்டதில்லை என்கிறார் கவுந்தி. மூச்சிரைத்துக் கேள்வி கேட்ட பெண்ணைக் கற்புத் தெய்வமாக்கும் வேலையை, கூடவே நடந்தவர் செய்கிறார். ஆனால் அதே பேச்சில் அவளது வறண்ட நாக்கையும் சொல்கிறார். வெயிலில் பக்கத்தில் நடந்தவருக்குத்தான் அது தெரியும். பின்னால் வந்த மேடைகளும் சிலைகளும் முதலாவதை எடுத்துக்கொண்டு நாக்கை விட்டுவிட்டன.

கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு கவுந்தி உண்ணாமல் இருந்து உயிர்விடுகிறார். காப்பியம் அதைக் காட்டுவதில்லை. நெடுநாள் கழித்து வடக்கே, செங்குட்டுவனிடம் மாடலன் சொல்லும் செய்திகளுக்கு நடுவே அது ஓரிரு வரியாக வந்துபோகிறது.