கொலுவில் எந்த ஹாக்வார்ட்ஸ்?

மலைமேல் ஹயக்ரீவர் வீற்றிருக்கும் திருவந்திபுரத்தில் ஹாரி பாட்டரின் மந்திரப் பள்ளிக்கூடமான ஹாக்வார்ட்ஸ் கொலுவுக்கு வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கல்விக்கான தெய்வம் அவர்தானே. எந்தக் கோட்டையை வாங்குவது என்பதில்தான் எனக்கு வழக்கு.

லெகோ 2018-இல் வெளியிட்ட பெரிய ஹாக்வார்ட்ஸில் 6,020 பீஸ்கள்; உயரம் 58 செ.மீ., அகலம் 69, ஆழம் 43. 2023-இல் வந்த சின்னதில் 2,660; உயரம் 21, அகலம் 35, ஆழம் 25. வெளியானபோது அமெரிக்காவில் பெரியது 400 டாலர், சின்னது 170. பீஸ் கணக்கில் வகுத்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை. பெரியதில்தான் லாபம் என்ற பேச்சு எடுபடாது. இங்கே இறக்குமதிப் பொம்மைகளுக்கு 70 சதவீதச் சுங்கவரி வேறு.

கட்டும் சுகத்தில் பெரியதை அடித்துக்கொள்ள முடியாது. பாறைக்கும் கூரைக்கும் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் அலுப்பு உண்டு, ஸ்டிக்கர் ஒட்டும் தொல்லையும் உண்டு. ஆனால் நகரும் படிக்கட்டும் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் அறையும் ரகசிய அறையும் விரல்களுக்கிடையே உருவாகும்போது அதெல்லாம் மறந்துபோகும்.

குறை அளவில் இருக்கிறது. உள்ளே உலவ வேண்டிய 27 பேரும் கை கால் அசையாத நகக்கண் அளவுப் பொம்மைகள். பள்ளியை நிறுவிய நால்வர் மட்டும் வழக்கமான லெகோ மனிதர்கள். எந்த அறையிலும் நுழைய முடியாமல் வெளியே தனி மேடையில் நிற்கிறார்கள். குழந்தை விளையாட அதில் இடமில்லை, அது காட்சிப்பொருள்தான். காட்சிக்கு என்றால் அதைவிடப் பெரிய சிக்கல்: அத்தனை அறைகளும் திறந்த முதுகுப் பக்கம் இருக்கின்றன. கொலுப்படியில் ஏற்றினால் கொடுத்த காசில் பாதி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். 43 செ.மீ. ஆழத்துக்கு எந்த வீட்டுப் படி போதும்?

சின்னதில் அறைகளின் நுணுக்கம் குறைவு. மனிதர் என்று கோட்டையின் கட்டடக் கலைஞர் ஒருவர் மட்டும், அதுவும் பொன்னிறத்தில். ஆனால் நாலு பக்கமும் முழுமையான கட்டடம். ஏரி, படகுத்துறை, டர்ம்ஸ்ட்ராங் பள்ளியின் கப்பல் எல்லாம் கோட்டையோடு சேர்ந்தே வருகின்றன. படிக்குக் கீழே பிள்ளைகள் மண் பரப்பி, கடுகு தூவி முளைக்கவிடும் பார்க்கின் நடுவில் வைத்தால் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம்.

கட்டும் வேலைக்காகவே வாங்குகிறவர், இரு பக்கமும் போய்வரக்கூடிய மேசை உள்ளவர் பெரியதை எடுக்கட்டும். கொலுவுக்குச் சின்னதே சரி. ஜன்னல் வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம், பழுப்பேறிவிடும். மிச்சமாகும் பணத்தில் பக்கத்து வண்டிப்பாளையத்தில் ஒரு செட் மண் பொம்மை வாங்குங்கள்.