"பைத்தானில் வகை இல்லை" என்று எழுதலாமா?

சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வின் கணினிப் பாடத்துக்குப் பைத்தான். மலேசியாவில் படிவம் 4 கணினி அறிவியலுக்கு ஜாவா. இரண்டையும் ஒப்பிடச் சொன்னால் மாணவர்கள் எழுதும் விடை பெரும்பாலும் இதுதான்: 'ஜாவாவில் தரவு வகையை அறிவிக்க வேண்டும், ஆகவே பாதுகாப்பானது. பைத்தானில் வகை இல்லை, ஆகவே எளிது.' நாமும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அதில் பாதி தப்பு.

பைத்தானில் "5" + 3 என்று கொடுத்துப் பாருங்கள். எழுத்தையும் எண்ணையும் கூட்ட முடியாது என்று 'டைப் எர்ரர்' காட்டி நின்றுவிடும். வகையே இல்லாத மொழிக்கு இந்தக் கோபம் எங்கிருந்து வரும்? அதே வரியை ஜாவா மறுபேச்சில்லாமல் 53 என்று ஒட்டிக் கொடுக்கும்!

உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. ஜாவாவில் மாறிக்கு ஒரு வகை உண்டு. நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் அதைச் சரிபார்க்கிறது. இதுதான் 'ஸ்டேட்டிக்'. பைத்தானில் வகை மதிப்போடு ஒட்டியிருக்கிறது; அந்த வரி ஓடும்போதுதான் சோதனை நடக்கும். இது 'டைனமிக்'.

"எப்போ தெரிஞ்சா என்ன சார், தப்பு எப்படியும் தெரியத்தானே போகுது?" என்று மாணவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் சில தப்புகள் தெரியவே தெரியாது. மூன்று மதிப்பெண்களை வாங்கி, அதிகமானதைக் காட்டும் பைத்தான் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'இன்புட்' தருவது எப்போதும் எழுத்துச் சரம். முழு எண்ணாக மாற்ற மறந்துவிட்டு 85, 100, 9 கொடுத்தால், அதிக மதிப்பெண் 9 என்று வரும்! சரங்களை முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுவதால் 9 முந்திக்கொள்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. இதில் மோசம் என்னவென்றால், 65, 72, 88 என்று ஈரிலக்க எண்களையே கொடுத்துச் சோதித்தால் விடை சரியாகவே வரும். ஜாவாவில் இரண்டு சரங்களுக்கு நடுவே > போட்டால் கம்பைலரே விடாது. இங்கே ஜாவாவுக்குத்தான் முழு மதிப்பெண்.

அதற்காக ஜாவா எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்பவும் கூடாது. 85, 90 இரண்டையும் 'இன்ட்' என்று அறிவித்துச் சராசரி கேட்டால் 87 தரும். அரை மதிப்பெண் காணாமல் போய்விடும். பைத்தான் 3 தருவது 87.5. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்ட சுமார் 40 வினாடியில் சிதறியது. அதன் மென்பொருள் எழுதப்பட்ட ஏடா, வகைகளில் மிகக் கண்டிப்பான மொழி. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், மதிப்பு அதில் அடங்கவில்லை. வகை சரி, அளவுதான் மீறிவிட்டது.

'எளிது' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்கணும். ஜாவாவின் முதல் நிரலில் மாணவரை மிரட்டுவது கிளாஸ், மெயின், அடைப்புக்குறிகள். வகை அறிவிப்பு அதில் சின்னப் பங்குதான். 2018இல் வந்த ஜாவா 10, 'வார்' என்று போட்டால் உள்மாறிகளின் வகையைத் தானே ஊகித்துக்கொள்கிறது. பைத்தானோ 2015இல், 3.5 பதிப்பிலிருந்து, வகைக் குறிப்புகளுக்கு முறையான வழி தந்தது; ஆனால் ஓடும்போது அவற்றைச் சரிபார்ப்பதில்லை.

ஆகவே விடைத்தாளில் 'வகை இல்லை' வேண்டாம். 'வகைச் சோதனை ஓடும்போது நடக்கிறது' என்று எழுதட்டும். ஆசிரியர்கள் அடுத்த பயிற்சிக்குச் சோதனைத் தரவு தயாரிக்கும்போது, ஈரிலக்க எண்களுக்கு நடுவில் ஒரு 9, ஒரு 100 சேர்த்துவிடுங்கள்.