புளிக்காத இட்லி

போன ஞாயிறு காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெங்களூரில் பெயர்பெற்ற ஒரு டிபன் ஓட்டலுக்குப் போனேன். 40 நிமிடம் வரிசை. இட்லி வந்தது, நல்ல உப்பல், லேசான மஞ்சள் சாயல். அப்பா ஒரு விள்ளல் வாயில் போட்டதுமே, "சோடா உப்புடா" என்றார்.

சாம்பார் இனித்தது. அது இந்த ஊர் ருசி, குறை சொல்ல மாட்டேன். இட்லியைத்தான் மன்னிக்க முடியவில்லை. இட்லி பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாக உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா காட்டுவது 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையை. அந்த மண்ணிலேயே இப்படியா?

அரைத்த மாவில் லூக்கோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் பெருகி, கரியமில வாயுவையும் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. வாயு மாவை உப்ப வைக்கிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. இதற்கு 8 முதல் 12 மணி நேரம் வேண்டும். சோடா உப்பு உப்பலை மட்டும் தரும். இருக்கிற புளிப்பையும் முறித்துவிடும். அளவு மிஞ்சினால் நாக்கில் சோப்பு வாடைதான் மிச்சம்.

சமையலறையை நான் பார்க்கவில்லை. நாக்கு சொன்னதை வைத்துச் சொல்கிறேன். கூட்டம் கூடினால் அடுப்பைக் கூட்டலாம், ஆளைக் கூட்டலாம். ஆனால் மாவு புளிக்கிற நேரத்தைக் குறைக்க முடியாது. மாவு தீர்ந்ததும் "இட்லி தீர்ந்தது" என்று ஒரு பலகை மாட்டியிருந்தால் ஏமாற்றத்தோடு போயிருப்பேன், ஆனால் மறுபடி வந்திருப்பேன்.

அப்பா இரண்டாவது இட்லியைத் தொடவில்லை. சாப்பாட்டை வீணாக்கி நான் அவரைப் பார்த்ததே இல்லை.