தன்முகம் மறைத்த கலைஞர்

அமெரிக்க இயக்குநர் ராபர்ட் வைஸுக்கு (1914–2005) எனத் தனி முத்திரை இல்லை என்பது விமரிசகர் சிலரின் தீர்ப்பு. ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941) படத்தைத் தொகுத்தவர் அவர். மறு ஆண்டே, வெல்ஸ் பிரேசிலில் இருக்கையில், நிறுவனத்தின் கட்டளைக்கிணங்க 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்தைக் குறைத்தவரும் அவரே. நாற்பது நிமிடங்களுக்கு மேல் வெட்டுண்டன. அப்பழி எளிதில் நீங்குவதன்று.

எனினும், கத்தரிக்கோல் கற்பித்த அடக்கமே பின்னர் அவரது கலையாயிற்று. குத்துச்சண்டை வீரனொருவனைப் பற்றிய 'தி செட்-அப்' (1949) படத்தில், கதை நிகழும் நேரமும் படம் ஓடும் 72 நிமிடங்களும் ஒன்றே. 'தி ஹாண்டிங்' (1963) பேயைக் காட்டாமலே, ஓசையாலும் வளைந்து புடைக்கும் கதவாலும் நெஞ்சை உறையவைத்தது. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) ஆஸ்கர் பரிசையும் ஈட்டிற்று.

கதையின் முகம் துலங்கத் தன்முகம் மறைத்தவரை முகமற்றவர் என்பது நீதியாகுமா?